கட்டளைப் பெட்டியின் லேபிளைப் பாருங்கள், பிறகு என்டர் தட்டுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், போட்டோக்களைப் போல்டர் போல்டராகப் பிரித்து வைப்பார்கள். இரண்டாவது மாதத்தில் ஏதாவது ஒரு சாப்ட்வேரை நிறுவ வேண்டி வரும். வழிகாட்டி ஒன்றைத் தேடி எடுத்துப் படித்தால், சாதாரண வாக்கியங்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் புரியாத சொற்களும் குறிகளும் இருக்கும். மேலே ‘இந்தக் கட்டளையைக் கொடுங்கள்’ என்று ஒரே ஒரு வரி. நாமும் அதை அப்படியே காப்பி செய்து, பேஸ்ட் செய்து, என்டர் கீயைத் தட்டுவோம். உடனே எரர் வரும். கம்ப்யூட்டரில் கோளாறு என்று பயந்து போவோம்.

இந்தப் பெட்டிக்குக் கோட் பிளாக் என்று பெயர். கட்டளைப் பெட்டி என்று வைத்துக் கொள்ளலாம். நான் உத்தமபாளையத்தில் இருக்கிறேன். சின்னமனூர், கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு என்னிடம் வருபவர்கள் காட்டும் எரர்களில் ஒரு வகை அடிக்கடி வருகிறது. கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும். கட்டளையும் சரியாக இருக்கும். அந்தக் கட்டளை எந்த இடத்தில் கொடுக்க வேண்டியது என்ற குறிப்பு மட்டும் இருக்காது, அல்லது தவறாக இருக்கும். இந்தக் குறிப்பைத்தான் லேபிள் என்கிறேன். அதை எப்படிச் சரிபார்ப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

படிக்கும் முன் ஒரு விஷயம். உச்சரிப்பு தெரிவதற்காகக் கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்ய வேண்டும். $, #, > போன்ற குறிகளை மட்டும் இங்கே உள்ளபடியே எடுத்துக் கொள்ளுங்கள்.

லேபிள் எங்கே இருக்கும்?

எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சை போட்டிருப்பவர்களுக்கு லேபிளின் அருமை தெரியும். பூச்சி மருந்து டப்பாவில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். அதன் கீழ்ப் பாதி சிவப்பாக இருந்தால் கடும் விஷம். அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. டப்பாவுக்குள் இருப்பது என்ன என்பதை மூடியைத் திறக்கும் முன்பே அந்த நிறம் சொல்லி விடுகிறது. கட்டளைப் பெட்டிக்கும் அப்படி ஒரு லேபிள் உண்டு.

இன்று பெரும்பாலான வழிகாட்டிகள் மார்க்டவுன் என்ற எளிய எழுத்து முறையில் தயாராகின்றன. 2004-ல் ஜான் கிரூபர் இதை வெளியிட்டபோது, கட்டளைப் பெட்டி வேண்டுமென்றால் வரியின் தொடக்கத்தில் நான்கு இடைவெளி விட்டால் போதும். லேபிள் எழுத அதில் இடமே கிடையாது. பின்னால் வந்த மார்க்டவுன் வகைகளில், பெட்டியின் மேலும் கீழும் மூன்று பேக்டிக் குறிகளைப் போடும் பழக்கம் வந்தது. கீபோர்டில் எஸ்கேப் கீக்குக் கீழே இருக்குமே, அந்தக் குறிதான். மேலே போடும் மூன்று பேக்டிக்குகளை ஒட்டி மொழியின் பெயரை எழுதலாம்.

```பைத்தான்
பிரின்ட்(10 + 20)
```

முதல் வரியில் உள்ள ‘பைத்தான்’ என்ற சொல்தான் லேபிள். அதைப் பார்த்துத்தான் பெட்டிக்குள் எந்தச் சொல்லை எந்த நிறத்தில் காட்டுவது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சில பக்கங்களில் பெட்டியின் மூலையில் லேபிள் தெரியும். பல பக்கங்களில் நிறம் மட்டும் தெரியும், பெயர் தெரியாது. அச்சிட்ட புத்தகத்தில் இரண்டுமே தெரியாமல் போகலாம். அப்போது பெட்டிக்குள் இருக்கும் குறிகளைப் பார்த்து நாமே லேபிளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே லேப்டாப், மூன்று விண்டோ

2011-ல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். தேனி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் எந்தச் சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதைப் பொறுத்துக் கட்டளைகளும் மாறும்.

திரையைச் சுத்தம் செய்யும் சின்னக் கட்டளையையே எடுத்துக் கொள்வோம். விண்டோஸின் கமாண்ட் பிராம்ட்டில் ‘சிஎல்எஸ்’ என்று டைப் செய்ய வேண்டும். லினக்ஸ் டெர்மினலில் ‘கிளியர்’. விண்டோஸிலேயே பவர்ஷெல் என்று இன்னொரு விண்டோ இருக்கிறது. அதில் இரண்டுமே வேலை செய்யும்! ஆகவே ‘விண்டோஸில் கொடுங்கள்’ என்று ஒரு வழிகாட்டி சொன்னால் அது பாதி லேபிள்தான். கமாண்ட் பிராம்ட்டா, பவர்ஷெல்லா என்றும் சொல்ல வேண்டும்.

நீண்ட கட்டளையை இரண்டு வரியாக உடைத்து எழுதும்போதும் இந்த வித்தியாசம் வரும். முதல் வரியின் கடைசியில் என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள்.

\ இருந்தால் லினக்ஸ்
^ இருந்தால் விண்டோஸ் கமாண்ட் பிராம்ட்
` இருந்தால் பவர்ஷெல்

லேபிள் இல்லாத பெட்டியில் இந்த ஒரு குறியை வைத்தே அது எந்த விண்டோவுக்கானது என்று சொல்லி விடலாம்.

வரியின் முதல் குறியைக் கவனியுங்கள்

கட்டளை வாங்கத் தயாராக இருக்கிறேன் என்று கம்ப்யூட்டர் காட்டும் குறிக்குப் பிராம்ட் என்று பெயர். வழிகாட்டி எழுதுபவர்கள் பல நேரம் இந்தப் பிராம்ட்டையும் சேர்த்தே பெட்டிக்குள் போட்டு விடுகிறார்கள். அதை நாம் டைப் செய்யக் கூடாது.

$ - லினக்ஸில் சாதாரண யூசருக்கான பிராம்ட். இதையும் சேர்த்து பேஸ்ட் செய்தால் ‘கமாண்ட் நாட் பவுண்ட்’ என்று வரும். வேறு கெடுதல் இல்லை. குறியை நீக்கி விட்டு மீண்டும் கொடுங்கள்.

>>> - பைத்தானின் பிராம்ட். இந்த வரிகளைப் பைத்தானைத் திறந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். லினக்ஸ் டெர்மினலில் நேரடியாகக் கொடுத்தால் எரர் வரும்.

# - இந்தக் குறிதான் புதியவர்களை அதிகம் குழப்புகிறது. லேபிளைப் பொறுத்து இதற்கு மூன்று அர்த்தங்கள் உண்டு. லினக்ஸ் டெர்மினலைக் காட்டும் பெட்டியில் வரியின் தொடக்கத்தில் வந்தால், அது ரூட் என்னும் நிர்வாகிக்கான பிராம்ட்டாக இருக்கலாம். பைத்தான் பெட்டியில் வந்தால் அது விளக்கக் குறிப்பு, கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. சி++ பெட்டியில் ‘#இன்க்ளூட்’ என்று வந்தால் அது புரோகிராமுக்கு மிகவும் தேவையான வரி, நீக்கினால் புரோகிராமே ஓடாது.

தமிழகப் பாடத்திட்டத்தில் 2018 முதல் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++, 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். முதல் வருடம் # வரியை விடவே கூடாது என்று படித்த மாணவர், அடுத்த வருடம் # வரியை விட்டாலும் ஒன்றும் ஆகாது என்று படிக்கிறார். பெட்டியின் மேல் எந்த மொழி என்று எழுதியிருந்தால் அவருக்குக் குழப்பமே வராது.

லினக்ஸ் பெட்டியில் # வந்தால் அது பிராம்ட்டா, குறிப்பா என்று எப்படி அறிவது? அதற்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். கட்டளைச் சொல்லாக இருந்தால் பிராம்ட். சாதாரண ஆங்கில வாக்கியமாக இருந்தால் விளக்கக் குறிப்பு. சந்தேகமாக இருந்தால் அந்தக் கட்டளையைக் கொடுக்காதீர்கள். ரூட் ஆக இருக்கும்போது கொடுக்கும் கட்டளை சிஸ்டம் பைல்களையே மாற்றக் கூடியது.

பைலைக் காலி செய்யும் குறி

மேலே ஒரு குறியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதுதான் தனியாக வரும் > குறி.

விண்டோஸ் கமாண்ட் பிராம்ட் ‘சி:\>’ என்பது போல முடியும். சில வழிகாட்டிகளில் இதைச் சுருக்கி > மட்டும் போடுவார்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ட்டில் ஒரு டெக்ஸ்ட் பைலின் பெயரை மட்டும் டைப் செய்து என்டர் தட்டினால், அது நோட்பேடில் திறக்கும். ஆகவே வழிகாட்டியில் இப்படி ஒரு வரி இருக்கலாம்:

> கணக்கு.டிஎக்ஸ்டி

எழுதியவரைப் பொறுத்தவரை ‘கணக்கு என்ற பைலைத் திற’ என்று அர்த்தம். ஆனால் லினக்ஸ் டெர்மினலில் > குறிக்குத் தனி வேலை இருக்கிறது. கட்டளையின் விடையைத் திரையில் காட்டாமல் ஒரு பைலுக்குள் எழுது என்பதே அது. முன்னால் கட்டளையே இல்லை என்றால் எழுதுவதற்கு விடையும் இல்லை. ஆனாலும் எழுதுவதற்காகப் பைலைக் காலி செய்து தயாராக வைத்து விடும். அதாவது மேலே உள்ள வரியை > குறியுடன் அப்படியே லினக்ஸில் பேஸ்ட் செய்தால், கணக்கு பைலில் உள்ள அத்தனையும் போய் விடும். எரர் வராது, எச்சரிக்கை வராது. ‘ரீசைக்கிள் பின்’னிலும் தேட முடியாது. ஏனென்றால் பைல் அழிக்கப்படவில்லை, அதே இடத்தில் அதே பெயரில் இருக்கிறது. உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை.

கூடலூர் பக்கத்துத் திராட்சை விவசாயி ஒருவருக்கு இது நடந்தது. எந்த வியாபாரிக்கு எத்தனை கிலோ வெட்டினோம், எவ்வளவு பாக்கி என்பதை ஒரு டெக்ஸ்ட் பைலில் வைத்திருந்தார். லேபிள் இல்லாத ஒரு வழிகாட்டியைப் பார்த்து, லினக்ஸில் இருந்தபடியே அந்த வரியைக் கொடுத்தார். ஒரு அறுவடைக் கணக்கு முழுவதும் போனது. கங்காணி கைநோட்டில் எழுதி வைத்திருந்ததால் இரண்டு நாள் உட்கார்ந்து மீண்டும் டைப் செய்தார்கள். நோட்டு இல்லாவிட்டால் வியாபாரி சொல்வதுதான் பாக்கி!

பெட்டியின் மேலே ‘விண்டோஸ் கமாண்ட் பிராம்ட்’ என்று இருந்திருந்தால் அவர் அதை லினக்ஸில் கொடுத்திருக்க மாட்டார்.

டைப் செய்வது எது, திரையில் தெரிவது எது?

பெட்டிக்குள் இருக்கும் எல்லா வரிகளும் நாம் கொடுக்க வேண்டியவை அல்ல. சில வரிகள் கம்ப்யூட்டர் தரும் விடை. இதைப் பாருங்கள்:

>>> 25 * 40
1000
>>> பிரின்ட்("தேனி")
தேனி

இதில் >>> உள்ள வரிகளை மட்டுமே, அந்தக் குறி இல்லாமல் டைப் செய்ய வேண்டும். குறி இல்லாத வரிகள் விடை. >>> வரிக்குக் கீழே மூன்று புள்ளிகளுடன் ஒரு வரி தொடங்கினால், மேல் வரியின் தொடர்ச்சி என்று பொருள்.

லேபிள் எழுதுவதிலும் இந்த வித்தியாசம் உண்டு. ‘பேஷ்’ என்று லேபிள் இருந்தால் உள்ளே கட்டளை மட்டும் இருக்க வேண்டும், முழுவதையும் காப்பி செய்யலாம். ‘கன்சோல்’ என்று இருந்தால் பிராம்ட், கட்டளை, விடை எல்லாம் கலந்திருக்கும், பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். ‘பேஷ்’ என்று எழுதி விட்டு உள்ளே $ குறியும் விடையும் போட்டிருந்தால் லேபிள் தவறு என்று புரிந்து கொள்ளுங்கள்.

நிறமும் இதைக் காட்டிக் கொடுக்கும். சி++ புரோகிராமுக்குப் பைத்தான் லேபிள் போட்டால் ‘#இன்க்ளூட்’ வரி விளக்கக் குறிப்பின் நிறத்துக்கு மாறி விடும். தேவையான வரி மங்கலாகத் தெரிந்தாலோ, பெட்டியின் பாதி ஒரே நிறமாக இருந்தாலோ லேபிளைச் சந்தேகப்படுங்கள். மேற்கோள் குறி ஒன்று விடுபட்டிருந்தாலும் இப்படி ஆகும்.

சரிபார்க்கும் சாப்ட்வேர்கள்

நீங்களே மற்றவர்களுக்காக வழிகாட்டி எழுதுவதாக இருந்தால் சரிபார்க்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. மார்க்டவுன்லின்ட் என்பது அதில் ஒன்று. லேபிள் இல்லாத பெட்டியைக் கண்டால் எம்டி040 என்ற எண்ணைக் காட்டி எச்சரிக்கும். விடையைக் காட்டாமல் கட்டளைக்கு முன் $ குறியை மட்டும் போட்டிருந்தால் எம்டி014 என்று காட்டும்.

பைத்தானுடன் 2001 முதலே டாக்டெஸ்ட் என்ற கருவி வருகிறது. பாடத்தை >>> வரிகளுடன் ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதிச் சேமித்து இப்படிக் கொடுங்கள்:

$ பைத்தான்3 -எம் டாக்டெஸ்ட் பாடம்.டிஎக்ஸ்டி

ஒவ்வொரு >>> வரியையும் அது ஓட்டிப் பார்க்கும். கிடைத்த விடையையும் நீங்கள் கீழே எழுதியிருக்கும் விடையையும் ஒப்பிடும். எல்லாம் சரி என்றால் ஒன்றும் சொல்லாது. வித்தியாசம் இருந்தால் எந்த வரி என்று காட்டும். ரஸ்ட் மொழியில் இன்னும் ஒரு படி மேலே போய், ‘இந்தப் பெட்டியைச் சோதிக்காதே’, ‘கம்பைல் செய், ஆனால் ஓட்டாதே’ என்றெல்லாம் லேபிளிலேயே எழுதும் வசதி இருக்கிறது.

ஆனால் ஒன்று. மார்க்டவுன்லின்ட் லேபிள் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். பவர்ஷெல் கட்டளைக்குப் ‘பேஷ்’ என்று எழுதியிருந்தாலும் சரி என்று விட்டு விடும். லேபிளும் உள்ளே இருப்பதும் பொருந்துகிறதா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும். லேபிளில் உள்ள விண்டோவைத் திறந்து, பெட்டியில் உள்ளதைப் பெட்டியில் உள்ளபடியே கொடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. முக்கியமான பைல்கள் இல்லாத ஒரு புதிய போல்டரில் இதைச் செய்யுங்கள்.

தமிழில் எழுதும்போது வரும் சிக்கல்கள்

தமிழில் கம்ப்யூட்டர் விஷயங்களை எழுதுபவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். கணியம் மின்னிதழ் 2012 முதல் வருகிறது. லினக்ஸ், பைத்தான் பற்றியெல்லாம் தமிழில் இலவச மின்னூல்கள் கிடைக்கின்றன. ஆனால் தமிழ்க் கட்டுரைக்குள் கட்டளையை வைக்கும்போது சில தனிச் சிக்கல்கள் வரும்.

யூனிகோடு பரவும் முன்பு தமிழ் ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகளை வைத்திருந்தன. கட்டளை உள்ள இடத்தில் ஆங்கில ஃபான்ட்டுக்கு மாற்ற மறந்தால், கட்டளை முழுவதும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக அச்சாகி விடும். யூனிகோடில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேர்டு போன்ற சாப்ட்வேர்கள் செய்யும் ஒரு ‘உதவி’ இன்றும் இருக்கிறது. நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றி விடும். இரண்டு ஹைபன்களை ஒரே நீளக் கோடாக்கி விடும். பார்க்க அழகாக இருக்கும், கம்ப்யூட்டர் ஏற்றுக் கொள்ளாது.

வேர்டில் இதை நிறுத்த, ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் கிளிக் செய்து, புரூஃபிங் பகுதியில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸைத் திறங்கள். ‘ஆட்டோஃபார்மட் ஆஸ் யூ டைப்’ என்ற டேபில் ஸ்மார்ட் கோட்ஸ், ஹைபன் இரண்டுக்கும் உள்ள டிக் குறிகளை எடுத்து விடுங்கள். கட்டளைகளை நோட்பேடில் டைப் செய்து வைத்துக் கொள்வது இன்னும் நல்லது.

கோணக் குறிகளுக்குள் <உங்கள் பெயர்> என்பது போல வந்தால், குறிகளையும் சேர்த்து நீக்கி விட்டு உங்கள் பெயரை எழுத வேண்டும். அப்படியே விட்டால் லினக்ஸ் டெர்மினல் < > குறிகளையும் கட்டளையாக எடுத்துக் கொள்ளும்.

என்டர் தட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. இது எந்தச் சிஸ்டம், எந்த விண்டோவுக்கு? லேபிள் இல்லையென்றால் \ ^ ` $ >>> குறிகளைப் பாருங்கள்.
2. எதை டைப் செய்ய வேண்டும், எது விடை?
3. வரியின் முதல் குறி பிராம்ட்டா, விளக்கக் குறிப்பா, கட்டளையின் பகுதியா? தனி > இருந்தால் கண்டிப்பாக நீக்குங்கள்.
4. நான் மாற்றி எழுத வேண்டிய சொல் ஏதாவது இருக்கிறதா?
5. மேற்கோள் குறிகளும் ஹைபன்களும் நேராக இருக்கின்றனவா?

பெட்டியில் உள்ளதை நேரடியாக டெர்மினலில் பேஸ்ட் செய்யாதீர்கள். கடைசியில் ஒரு வரி இடைவெளியும் சேர்ந்து காப்பியாகியிருந்தால், நீங்கள் என்டர் தட்டாமலேயே கட்டளை ஓடி விடலாம். முதலில் நோட்பேடில் பேஸ்ட் செய்து, இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுத் திருத்தி, பிறகு ஒவ்வொரு வரியாகக் கொண்டு போங்கள்.

பழகிப் பார்க்க எளிய வழி சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் இருக்கும். பைத்தான் பாடத்தைத் திறங்கள். ஒவ்வொரு வரியாகக் கொடுக்கும் இன்டராக்டிவ் முறை, புரோகிராமாகச் சேமித்து ஓட்டும் ஸ்கிரிப்ட் முறை இரண்டும் அதில் சொல்லப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் எந்த முறை என்று பென்சிலால் எழுதுங்கள். விடை வரிகளுக்கு அடிக்கோடு போடுங்கள். பத்துப் பெட்டிகள் முடிப்பதற்குள் கண் பழகி விடும். பிறகு புத்தகத்தில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள்.

முக்கியமான கணக்கு பைல்களுக்குப் பென் டிரைவில் ஒரு காப்பி வைத்துக் கொள்ளவும் மறக்காதீர்கள்.